கலியாண வீட்டு ட்றம்பெட்

2025 ஜூலை 6, ஞாயிறு

சுஜிதன் தன் கலியாணத்தைத் தானே பேசி முடித்துவிட்டான். ரொறன்ரோவிலிருந்து விடியவே தொலைபேசியில் எடுத்து, தாயான என் அக்காவோடு கதைக்க முதல் என்னோடு கதைத்தான். "சித்தி, பெட்டை மெக்சிக்கோ. பேர் லூசியா. அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்."

நான் கேட்ட முதல் கேள்வியே வேறு. "அப்ப ஸ்பானிஷ்தானே கதைப்பாள்?"

"ஓம். ஏன் சித்தி?"

ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. இங்கே மட்டும் எழுதலாம். 2020 ஊரடங்கில் நான் வேலை செய்கிற கந்தோர் பூட்டிக் கிடந்தபோது, தொலைபேசியில் தானாக ஒரு பாட்டு வந்தது. ஒரு கிற்றார், ஒரு பெண் குரல், அவ்வளவுதான். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்தது. ஐந்து வருடமாக எங்கள் ஊர் சரவணையிலிருந்து வேலைக்குப் போகிற பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு ஸ்பானிஷ் பாட்டுத்தான். சொற்களைத் தேடி, பொருள் தேடி, வாய்க்குள் பாடிப் பாடி, இப்போது பாட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பெரும்பாலும் விளங்குகிறது.

அக்கா நான் தேவாரம் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறா. ஊருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறா. நான் மறுக்கப் போகவில்லை. நாற்பத்தைந்து வயதில், கலியாணம் கட்டாத ஒருத்தி, தெரியாத பாசையில் காதல் பாட்டுக் கேட்கிறாள் என்பதைவிடத் தேவாரம் பாதுகாப்பானது.

இப்போது அந்தப் பாசை நடந்து எங்கள் வீட்டுக்குள் வரப்போகிறது!

அக்காவுக்கு மத்தியானம் சொன்னேன். அரிசி கழுவிக்கொண்டிருந்தவ கழுவிக்கொண்டே இருந்தா. தண்ணீர் தெளிந்த பிறகும்.

"பெட்டைக்குத் தாய் தேப்பன் இருக்கினமோ?"

"தேப்பன் மட்டும். தாய் மூண்டு வருசத்துக்கு முன்னம் தவறிட்டா."

"அப்ப அந்த மனிசன் வரவேணும். கலியாணம் இஞ்சைதான். எங்கடை முறைப்படி. ஒரு குறையும் வரக்கூடாது."

சம்மதம் என்றுதான் இதற்கு அர்த்தம். அக்காவுக்கு ஒரே பிள்ளை. அத்தான் தவறியபோது அவனுக்குப் பதினான்கு வயது.


ஜூலை 9

நாள் வைத்தாயிற்று. ஆவணியில், செப்டெம்பர் நாலு.


ஜூலை 19, சனி

ஆழ்வாப்பிள்ளை அண்ணை கலியாணத்தைக் கையில் எடுத்துவிட்டார். பெரியம்மாவின் மகன், எழுபது தாண்டியவர், ஒரு காலத்தில் காலி நகரில் கடை வைத்திருந்தவர். மண்கும்பானில் லண்டன் மகளுக்காகக் கட்டிப் பூட்டி வைத்திருக்கிற வீட்டைப் பெண் வீடாகத் தந்திருக்கிறார். "பொம்பிளைக்கு ஒரு வாசற்படலை வேணுமெல்லோ, புறப்பட்டுப் போறதுக்கு" என்றார். நல்ல மனம். ஆனால் சும்மா இருக்கமாட்டார்.

இன்றைக்கு வந்து கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "கோசலா, ஒரு விசயம். நீர் படிச்சனீர், உமக்கு விளங்கும்," என்று தொடங்கினார். "வெளிநாட்டுச் சம்பந்தி மண்டபத்துக்கை வரேக்கை அவையின்ரை தேசிய கீதத்தை நாதஸ்வரத்திலை வாசிச்சால் எப்பிடி இருக்கும்?"

யோசனையாக இருந்தால் பரவாயில்லை. நாதஸ்வரக்காரருக்கு மெட்டையும் அனுப்பி, அவர் இரண்டு நாளில் பழகி வாசித்தே அனுப்பிவிட்டார். அண்ணை தொலைபேசியில் போட்டுக் காட்டினார். கம்பீரமாகத்தான் இருந்தது. பிறகுதான் மெட்டு எனக்குப் பிடிபட்டது.

"அண்ணை, உது ஸ்பெயினின்ரை."

"ஓம். ஸ்பானிஷ்தானே கதைக்கினம்?"

"கதைக்கினம். ஆனா ஸ்பெயின்காரன் அவையை முந்நூறு வருசம் ஆண்டவன். நீங்கள் கலியாணத்துக்குப் போக, எங்களை ஆண்ட போத்துக்கீசன்ரை கீதத்தை ஊதி உங்களை வரவேற்றால் என்ன செய்வியள்?"

அண்ணை வாயில் கை வைத்தார். "ஐயையோ! நல்ல காலம் பிள்ளை. நான் சொல்லொண்டும் இல்லாமல் வெறும் வாத்தியமாய் இருக்கெண்டு பாத்து, நாதஸ்வரத்துக்கெண்டே செய்திருக்கிறாங்கள் எண்டல்லோ நினைச்சன்." பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உமக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"கந்தோரிலை… இணையத்திலை பாத்தது."

"சரி, அப்ப மெக்சிக்கோவின்ரை என்னெண்டு வரும்? அதைப் போடும் பாப்பம்."

போட்டேன். பொருளும் சொன்னேன். போருக்கு அழைப்பு, குதிரை, பீரங்கி முழக்கம்.

"கலியாண வீட்டிலை பீரங்கியோ?" என்று எழும்பிவிட்டார். "வேண்டாம். கேட்டது காணும்."


ஜூலை 20

விடுமுறை நாள் முழுக்கத் தேசிய கீதங்கள். ஆர்ஜென்டினா, சிலி, பெரு, கியூபா, எக்குவடோர். புவியியலில் பட்டம் எடுத்தவள் நான். வரைபடத்தில் கோடுகளாகத் தெரிந்த நாடுகள் ஒவ்வொன்றாக எழும்பி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்கின்றன. எங்கும் விலங்கு உடைகிறது, இரத்தம் ஓடுகிறது. மெட்டு மட்டும் நாடகம் தொடங்கப்போகிற மாதிரித் துள்ளுகிறது. காதல் பாட்டிலும் சாகிறார்கள், நாட்டுப் பாட்டிலும் சாகிறார்கள். சாவு வராமல் இந்தப் பாசையில் ஒரு பாட்டும் பாட ஏலாதோ?

மத்தியானச் சோற்றை மறந்துவிட்டேன். அக்கா வந்து, "எத்தினை தேவாரமடி?" என்றா.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

லூசியாவோடு கதைத்தேன்! காணொளியில். சுருட்டை மயிர், பெரிய சிரிப்பு. சுஜிதன் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்க ஆயத்தமாக, நான் நேரே ஸ்பானிஷில் "நல்வரவு" என்றேன். இரண்டு பேரும் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்கள். இரகசியத்தைச் சொன்னேன். சுஜிதன் சிரித்துச் சிரித்து, "அம்மா இதைக் கேட்டாவெண்டால்!" என்றான்.

பிறகு லூசியா ஒன்று கேட்டாள். அவளுடைய அப்பா, றமோன், சின்ன ஊர் ஒன்றில் வாகன ரயர் திருத்துகிற கடை வைத்திருக்கிறவர். நல்ல பாட்டுக்காரராம். அவர்களுடைய ஊருக்குள் மட்டும் பாடுகிற ஒரு பாட்டு இருக்கிறது. வாசலால் மகள் புறப்படும்போது தகப்பன் அதைப் பாடுவார், பக்கத்தில் ஒரு ட்றம்பெட் ஊதும். மனைவி போனதிலிருந்து றமோன் ஒரு வரிகூடப் பாடவில்லை. மகளின் கலியாணத்தில் பாடுகிறேன் என்று அவராகச் சொல்லியிருக்கிறார். "அதற்காகத்தான் விமானம் ஏறுகிறார், சித்தி" என்றாள். சித்தி என்ற சொல்லை அவள் நாக்கில் கேட்க எனக்குப் புல்லரித்தது.

பாட்டைத் தானே பாடி அனுப்பினாள். இது வரைக்கும் பத்துத் தரமாவது கேட்டிருப்பேன். பொருள் ஏறக்குறைய இப்படி:

படலை வரை வருகிறேன், அதற்கு அப்பால் என் கால் வராது.
போகிற இடத்தில் உனக்கு நிழல் இருக்கட்டும்.
நீ திரும்பிப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும்
என் கை ஆடிக்கொண்டிருக்கும்.

"சித்தி, ஊரிலை ஒரு ட்றம்பெட் ஊதுற ஆள் எடுக்கலாமோ?" என்று சுஜிதன் கேட்டான்.

எடுக்கலாமோவா? இன்றைக்கே விசாரித்துவிட்டேன். ஊர்காவற்றுறையில் றொஜன் என்று ஒருவர் பாண்ட் வாத்தியக் குழு வைத்திருக்கிறார். அடுத்த ஞாயிறு பழக வருகிறேன் என்றார்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

எப்படி எழுதுவது? சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

றொஜன் பின்னேரம் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மோட்டார் சைக்கிளில், சிவப்புக் கோட்டு, தோளில் பொன் நூல், தொப்பி. "இன்னொரு இடத்திலை ஊதிப்போட்டு நேரை வாறன் அக்கா, உடுப்பு மாத்த நேரமில்லை" என்றார். எங்கே ஊதிவிட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

முற்றத்தில் வேப்பமரத்தடியில் நின்று லூசியாவின் பாட்டைக் கேட்டார். இரண்டு தரம். பிறகு ட்றம்பெட்டை எடுத்து முதல் அடியை ஊதினார். அப்பா! அந்த ஒற்றைச் சத்தம் பனைகளுக்கு மேலால் போய்க் கடலில் விழுந்த மாதிரி இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது படலைக்குள் அன்னப்பிள்ளை அக்கா. பக்கத்து வளவு வீட்டுக்காரி. தலைமயிரை அவிழ்த்துவிட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என்ரை ராசாத்தீ, என்னை விட்டிட்டுப் போட்டியோடீ" என்று இழுத்துக்கொண்டு வருகிறா. பின்னால் வெள்ளை வேட்டியோடு இரண்டு பேர். ஒரு பிள்ளை கதிரை தூக்கிக்கொண்டு வருகிறது.

"ஆரடி பிள்ளை? உன்ரை அக்கா மீனலோசனியோ? காலமை கிணத்தடியிலை என்னோடை கதைச்சவளடி!"

அக்கா குசினிக்குள்ளிருந்து தேங்காய் திருவலையைப் பிடித்தபடி வெளியே வந்தா. "நான் உயிரோடைதான் நிக்கிறன்."

அன்னப்பிள்ளை அக்கா ஒப்பாரியை நடுவில் நிறுத்தினா. அக்காவை மேலும் கீழும் பார்த்தா. "அப்ப ஆர்?" என்று என்னைப் பார்த்தா.

"நானும் உயிரோடைதான் அக்கா."

"பின்னை என்ன கோதாரிக்கடி பாண்ட் வந்தது?"

இங்கே பாண்ட் எங்கே ஊதும்? கிறிஸ்தவக் கோயில் பெருநாளில் ஊதும், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஊதும். சைவ வீட்டுப் படலைக்குள் ட்றம்பெட் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் ஐந்து வருடமாகக் காதுக்குள் ட்றம்பெட் என்றால் காதல், நிலவு, குதிரை. ஊர் வழக்கம் எனக்கு மறந்துவிட்டது.

றொஜன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அக்கா, நான் கலியாண வீட்டிலை ஒரு நாளும் ஊதினதில்லை. உங்களுக்குத் தெரியுமாக்கும் எண்டு நினைச்சன்."

"இப்ப எங்கையிருந்து வாறீர் தம்பி?" என்று அக்கா கேட்டா.

அவர் நிலத்தைப் பார்த்தார். "சுருவிலிலை ஒரு செத்தவீடு, அம்மா."

அக்கா உள்ளே போய் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து படலை முழுக்கத் தெளித்தா.


ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் அக்கா என்னை இருத்திக் கேட்டா. "எனக்கு மறைக்காமல் சொல்லு. அந்தப் பாட்டிலை என்ன இருக்கு?"

சொன்னேன். தேவாரம் இல்லை என்பதையும் சொன்னேன். அது அவவுக்குப் பெரிய விசயமாகப் படவில்லை. "அது எனக்கு எப்பவோ தெரியும். தேவாரத்துக்கு ஆரடி இடுப்பை ஆட்டுறது?" என்றா. பாட்டுத்தான் விசயம்.

வரி வரியாகச் சொன்னேன். நிழல் இருக்கட்டும் என்ற இடத்தில் அக்காவின் முகம் மாறியது. "இது ஆருக்குப் பாடுறது?"

லூசியா எனக்கு எல்லாம் சொல்லியிருந்தாள். பொய் சொல்லியிருக்கலாம். மகளை வாழ்த்துகிற பாட்டு என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதானே? ஆனால் அக்காவிடம் ஏலாது.

"மகள் கலியாணம் கட்டிப் போகேக்கையும் பாடுவினம். பிரேதம் வாசலாலை போகேக்கையும் பாடுவினம். லூசியாவின்ரை தாய் போகேக்கையும் தேப்பன் இதைத்தான் பாடினவர்."

"கடவுளே," என்றா அக்கா. "வேண்டாம் கோசலா. என்ரை பிள்ளை மாலையோடை நிக்கேக்கை ஒருத்தரும் அதைப் பாடக்கூடாது. ட்றம்பெட்டும் வேண்டாம். நீயே சொல்லிவிடு."

அலுமாரியைத் திறந்து அவனுக்கு எடுத்த பட்டு வேட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினா. இருக்கிற ஒன்றையும் காற்றடித்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் அவவுக்கு.

சுஜிதன் ஊடாக றமோனுடன் கதைத்தேன். தொலைவில் ரயருக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "அது உங்கள் வாசல். நான் வருவேன். வாயைத் திறக்கமாட்டேன்."

லூசியா அழுதாள் என்று சுஜிதன் பிறகு எழுதினான்.


ஆகஸ்ட் 12

பஸ்ஸில் இன்றைக்குக் காதில் ஒன்றும் மாட்டவில்லை. மண்கும்பான் வரைக்கும் வெறும் எஞ்சின் சத்தம்.


ஆகஸ்ட் 26, செவ்வாய்

வந்துவிட்டார்கள்! வான் வண்டி மண்கும்பான் வீட்டு வாசலில் நின்றபோது எனக்குக் கால் தரையில் இல்லை.

ஐந்து வருடப் பாட்டில் நான் படித்த ஸ்பானிஷ் எதுவென்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நீ இல்லாத இரவு, ஆறாத காயம், நிலவே சாட்சி, திரும்பி வா. பயணம் எப்படி, தேத்தண்ணி குடிப்பீர்களா, குளிக்கிற அறை எங்கே — ஒன்றும் தெரியாது! றமோன் இறங்கினார். கட்டையான, அகன்ற மனிதர், நரைத்த மீசை, கையில் தொப்பி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லவேண்டும். வாயில் வந்ததைச் சொன்னேன்: "நீண்ட பாதை. தூசி. உங்கள் இதயம் களைத்துவிட்டதா?"

அவர் தொப்பியை நெஞ்சில் வைத்து மிகவும் யோசித்தார். "இதயம் பரவாயில்லை, கோசலா. முழங்கால்தான்."

அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. பின்னேரம் சாட்டிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கடலுக்குள் முழங்கால் வரை நின்றுகொண்டு என்ன பாட்டெல்லாம் தெரியும் என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் "அதுவுமா!" என்று தண்ணீரில் அடித்தார். ஆழ்வாப்பிள்ளை அண்ணை கரையில் நின்று, "என்ன கோசலா, சம்பந்தியைக் கடலுக்கை தாட்டுப்போடாதையும்!" என்று கத்தினார்.

நான் பாடச் சொல்லவில்லை. அவரும் பாடவில்லை. தன் பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.


செப்டெம்பர் 1, திங்கள்

இன்றைக்குப் பொன்னுருக்கல். தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்குகிற சடங்கு. விறாந்தையில் கும்பம், குத்துவிளக்கு, தட்டார் உமியும் கரியுமாக ஆயத்தம். சபை நிறைந்துவிட்டது. அக்கா குசினிக்குள். ஒருவரும் அவவைப் போகச் சொல்லவில்லை. அவவாகவே விடியக் காலை குசினிக்குள் போய்விட்டா. பதினாறு வருடமாக எந்த நல்ல காரியத்திலும் அவவின் இடம் அதுதான். நாங்கள் எல்லோரும் பழகிவிட்டோம். நானும்தான்.

றமோன் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். சுற்றிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளையின் அம்மா எங்கே?" என்றார்.

"குசினியில்."

"வேலை முடியவில்லையா? கொஞ்சம் பொறுக்கலாமே."

எனக்குத் தெரிந்த பாட்டுச் சொற்களை வைத்துக்கொண்டு சொன்னேன். அக்காவின் கணவர் உயிரோடு இல்லை. அதனால் முன்னால் வரமாட்டா. எங்கள் வழக்கம்.

அவர் விளங்காத மாதிரிப் பார்த்தார். பிறகு விளங்கியது. "எனக்கும் மனைவி இல்லையே," என்றார். எழும்பி, கதிரைகளுக்கு இடையால் மெதுவாக, அந்த முழங்காலோடு, குசினிக்குள் போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

சபை கலகலத்தது. "சம்பந்தி குசினிக்கை நிக்கிறார்!" என்று ஒரு குரல். ஆழ்வாப்பிள்ளை அண்ணை ஓடிவந்தார். "கோசலா, நல்ல நேரம் போகப்போகுது. கூட்டிக்கொண்டு வாரும்!"

குசினி வாசலில் நின்று பார்த்தேன். அக்கா கரண்டியோடு சுவரோடு ஒட்டி நிற்கிறா. "உந்த மனிசனை முன்னுக்குப் போகச் சொல்லடி. எல்லாரும் பாக்கினம்."

சொன்னேன். றமோன், "உங்கள் அக்கா போனால் நானும் போகிறேன்" என்றார்.

"நான் எப்பிடியடி போறது? ஏலாது எண்டு சொல்லு."

"அப்படியென்றால் எனக்கும் ஏலாது."

நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லிக் களைத்தேன். கடைசியில் றமோன் பலகைக்கட்டையில் குந்தியிருந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. வெளியே பொன் உருகியது. சம்பந்திகள் இரண்டு பேரும் குசினிக்குள்.


செப்டெம்பர் 2

காலையில் தேங்காய் திருவிக்கொண்டு அக்கா கேட்டா. "அந்தப் பாட்டு உனக்குப் பாடத் தெரியுமோ?"

"தெரியும்."

"பாடு பாப்பம்."

குசினிக்குள், பகல் வெளிச்சத்தில், வாய் திறந்து பாடினேன். முதல் வரி காற்றாய்ப் போனது. இரண்டாவதில் குரல் வந்தது. என் குரல் இவ்வளவு பெரிதா?

அக்கா திருவுவதை நிறுத்தவில்லை. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் திருவினா.

"இவர் போகேக்கை," என்றா. இவர் என்றால் அத்தான். 2009இல், போருக்குள், புதுக்குடியிருப்பில். "ஒரு மேளமில்லை. ஒரு தேவாரமில்லை. வாய்விட்டு அழவும் நேரம் இல்லை. மண்ணைப் போட்டிட்டு, பொடியன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு ஓடினனான். திரும்பிக்கூடப் பாக்கேல்லையடி."

அக்கா இதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. என்னிடமும் இல்லை. நான் தேங்காய்ப்பூவை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு சொன்னா. "அந்த ஊர்காவற்றுறைத் தம்பிக்குச் சொல்லு. தாலி கட்டி முடிஞ்ச பிறகு, படலையிலை மட்டும். சிவப்புக் கோட்டு வேண்டாம். வேட்டி கட்டிக்கொண்டு வரச் சொல்லு."


செப்டெம்பர் 3

றொஜனிடம் பட்டு வேட்டி இல்லையாம். ஆழ்வாப்பிள்ளை அண்ணை தன்னுடையதைக் கொடுத்தார். "கவனம் தம்பி, ஊதுற ஊத்திலை அவிண்டுபோம்."

றமோனுக்கு இன்னும் சொல்லவில்லை. அக்காதான் சொல்லவேண்டாம் என்றா. எனக்கு வாய் துடிக்கிறது!


செப்டெம்பர் 5, வெள்ளி

நேற்று எழுத நேரமில்லை. தொண்டை கட்டிவிட்டது.

மண்கும்பான் வீட்டு முற்றத்தில் மணவறை. லூசியா சிவப்புக் கூறைச் சேலையில். கெட்டிமேளம் முழங்கத் தாலி ஏறியது. அக்கா வீட்டுக்குள் யன்னலடியில் நின்று பார்த்தா. சபையில் ஒரு குறையும் இல்லை.

பெண்ணும் மாப்பிள்ளையும் சரவணைக்குப் புறப்படுகிற நேரம். காருக்குப் பூக் கட்டி ஆயத்தம். றமோன் படலையடியில் போய் நின்றார். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டை மடித்து இறுக்கிக்கொண்டு. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆளின் முகம். லூசியா அவரைப் பார்க்கவே இல்லை, பார்த்தால் உடைந்துவிடுவாள்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து அக்கா வந்தா. முற்றத்துக்கு. சபைக்கு நடுவால். சனம் விலகியது. மரியாதையிலா, திகைப்பிலா, தெரியாது. படலைக்குப் போய் றமோனுக்குப் பக்கத்தில் நின்று, தமிழில், எனக்குச் சொல்லுகிற மாதிரி இல்லாமல் நேரே அவருக்கே சொன்னா: "பாடுங்கோ."

நான் மொழிபெயர்க்க வாய் எடுக்க முதல் அவருக்கு விளங்கிவிட்டது. மதிலோரம் வேட்டியோடு நின்ற றொஜன் ட்றம்பெட்டை உயர்த்தினார்.

அந்த முதல் சத்தம்! சபையில் பாதிப் பேருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்னப்பிள்ளை அக்காவின் கை கொண்டைக்குப் போனது, பழக்கதோசம். பிறகு றமோன் பாடினார். கரகரத்த, பெரிய குரல். மூன்று வருடமாய்ப் பூட்டிக் கிடந்த குரல். படலை வரை வருகிறேன், அதற்கு அப்பால் என் கால் வராது. லூசியா ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டாம் அடியில் அவருக்கு ஏலாமல் போய்விட்டது. வாய் திறக்கிறது, சத்தம் இல்லை. றொஜன் நல்ல ஆள், அதே அடியைத் திருப்பி ஊதிக் காத்திருந்தார். இன்னொரு தரமும் ஊதினார். றமோன் என்னைப் பார்த்தார்.

நான் பாடினேன். கந்தோர்ச் சனம், ஊர்ச் சனம், நாதஸ்வரக்காரர் எல்லோருக்கும் முன்னால். போகிற இடத்தில் உனக்கு நிழல் இருக்கட்டும். கூச்சம் எங்கே போனது? தெரியாது. தவில்காரர் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு நாதஸ்வரமும். றமோனும் திரும்ப வந்து சேர்ந்துகொண்டார். ட்றம்பெட்டும் தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாய், இப்படி ஒரு சத்தத்தை இந்தத் தீவு கேட்டிருக்காது! ஆழ்வாப்பிள்ளை அண்ணை கையைத் தட்டிக்கொண்டு, "தேவாரமெண்டல்லோ சொன்னவை! உது என்ன பதிகம்?" என்று சிரித்தார்.

கார் நகர்ந்தது. சுஜிதன் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தான். அக்கா கையை உயர்த்தினா. கார் சந்தியில் திரும்பி மறைந்த பிறகும் இறக்கவில்லை. அழுதுகொண்டிருந்தா, வாய்விட்டு, ஊர் கேட்க. சபையில் ஒருவரும் அவவைத் தடுக்கவில்லை. அன்னப்பிள்ளை அக்கா போய்ப் பக்கத்தில் நின்றா.

இன்றைக்குக் காலை அக்கா தேத்தண்ணி தந்தபோது, "உனக்கு நல்ல குரலடி," என்றா. அவ்வளவுதான்.


செப்டெம்பர் 9

விமானம் ஏறிவிட்டார்கள். றமோன் போகும்போது அக்காவுக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அக்கா ஒரு பை வெங்காயம் கொடுத்தா.


நவம்பர் 2, ஞாயிறு

அன்னப்பிள்ளை அக்காவின் பேத்தி கம்சிகாவுக்கு இன்றைக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. விடியவே மழை. நான் கட்டுவதற்குச் சேலை தெரிவுசெய்துகொண்டு நிற்க, அக்கா எனக்குச் சொல்லாமலே போய்விட்டா. குசினியில் உதவியாக்கும் என்று நினைத்து, நேரே பின்பக்கத்தால் அவர்கள் குசினிக்குப் போனேன். அக்கா அங்கே இல்லை.

பந்தலுக்குள் எட்டிப் பார்த்தேன். பிள்ளை மாலையோடு நிற்கிறாள். முன்னால் அக்கா. மாம்பழ நிறச் சேலை, கலியாணத்துக்கு எடுத்துக் கட்டாமல் வைத்திருந்தது. கையில் ஆரத்தித் தட்டு, வாழைப்பழத் துண்டுகளில் திரி எரிகிறது. ஆரத்தி, சுமங்கலிகள் இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கிற தட்டு. மற்றப் பக்கம் ஒருவரும் இல்லை. முன்வரிசைப் பெண்கள் தங்கள் சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்னப்பிள்ளை அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான்தான் அவளைக் கூப்பிட்டனான். ஆருக்கும் ஏதும் சொல்ல இருக்கோ?" என்றா. ஒருவரும் எழும்பவில்லை.

அக்கா தட்டைத் தனியாகப் பிடித்தபடி சபையைச் சுற்றிப் பார்த்தா. திரிகள் ஆடின. குசினிக் கதவடியில் நின்ற என்னைக் கண்டா.

"என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வந்து பிடி."

போய்ப் பிடித்தேன்.